மணலிக்கரைக் கல்லும் மனோன்மணீயம் சுந்தரனாரும்



கூட்டம் தொடங்கும்போது எழுந்து நிற்கிறோம். மாநாட்டுப் பந்தலாயினும், மாலை நேரத் தெருமுனைக் கூட்டமாயினும், பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவாயினும், தமிழ்த்தாய் வாழ்த்து ஒலித்திட, தோளிலே கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டு, கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறோம். பாட்டு முடிகிறது, உட்காருகிறோம், தலைவர் முன்னுரை தொடங்குகிறார். அந்தப் பாட்டை எழுதியவர் யார், எந்த ஊரார், எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று பக்கத்திலே நிற்கும் தோழரைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் நால்வர் பெயரைச் சொல்வர். மீதிப் பேர் மேடையைப் பார்ப்பர்.

நாஞ்சில் நாட்டுத் தோழர் அப்படி மேடையைப் பார்க்கலாகாது. அவர் மகனோ மகளோ நாகர்கோவிலில் படித்துப் பட்டம் பெற்றால், அந்தப் பட்டத்தின் தலைப்பிலே அச்சாகி வருவது அந்தப் புலவரின் பெயர்தான். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக் கழகம்! பெயர் இருக்கிறது, பெருமை இருக்கிறது. அந்தப் பல்கலைக் கழகத்தின் பணப்பெட்டியிலே என்ன இருக்கிறது என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மனிதரைப் பார்ப்போம்.

1855 ஏப்ரல் திங்களில் ஆலப்புழையிலே பிறந்தார் சுந்தரனார். தந்தை பெருமாள் பிள்ளை, தாய் மாடத்தி அம்மாள். ஆலப்புழை அந்நாளில் கப்பல் வந்து போகும் துறைமுகம். மலையாளம் புழங்கும் ஊரிலே வாழ்ந்த தமிழ்க் குடும்பம் அது. மகனுக்குத் தமிழ் மறந்து போகலாகாதே என்ற கவலை பெற்றோருக்கு இருந்திருக்க வேண்டும். நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை என்ற நல்லாசிரியரிடம் தமிழ் பயின்றார். அதே ஆசிரியரிடம்தான் பின்னாளில் மறைமலை அடிகளும் தமிழ் கற்றார். ஓர் ஆசான் இரண்டு விளக்கை ஏற்றினார். இரண்டும் பல காலம் எரிந்தன. ஆசானின் பெயரோ இன்று புத்தகத்தின் அடிக்குறிப்பிலே மட்டும் கிடக்கிறது.

திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியிலே படித்து 1876-ல் பி.ஏ. பட்டம். அடுத்த ஆண்டே திருநெல்வேலியிலே பள்ளித் தலைமை. வயது இருபத்திரண்டு! இன்று அந்த வயதுப் பிள்ளை வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்க வரிசையிலே நிற்கிறான்.

அந்தத் திருநெல்வேலிப் பள்ளி ஆங்கிலமும் தமிழும் சொல்லித் தந்த பள்ளி. பாதிரிமார் நடத்தாத, நாட்டு மக்களே பணம் திரட்டி நடத்திய பள்ளி. அதனைக் கல்லூரியாக உயர்த்த வேண்டும் என்ற ஆசை ஊராருக்கு. ஆசை இருந்தால் போதுமா? கட்டடம் வேண்டும், நூல்கள் வேண்டும், ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும். சுந்தரனார் தலைமையில் இருந்த காலத்திலேயே, 1878-ல், அங்கே கல்லூரி வகுப்பு தொடங்கிற்று. பின்னாளில் கொடையாளர் பெயர் தாங்கி ம.தி.தா. இந்துக் கல்லூரி என்றாயிற்று. பாரதியார் படித்த கூடம் அது. பல்கலைக் கழகத்திற்குச் சுந்தரனார் பெயரை வைத்தபோது புலமைக்காக வைத்தார்கள் என்றே பலரும் எண்ணுகிறோம். தென் மாவட்டத்திலே உயர் கல்வியைத் தூக்கி நிறுத்தத் தோள் கொடுத்தவர் என்பதற்காகவும் வைக்கலாம் என்பது என் கட்சி.

நெல்லையிலே அவருக்கு இன்னொரு தொடர்பும் வாய்த்தது. கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் என்ற துறவியை ஆசானாகக் கொண்டார். நாம் பகுத்தறிவாளர், துறவிகளைத் தேடிப் போகிறவர்கள் அல்லர். ஆயினும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சுந்தரனார் சைவர். 1885-ல் திருவனந்தபுரத்திலே சைவப் பிரகாச சபையைத் தோற்றுவித்தவர். நீறணிந்த நெற்றிக்குள்ளேதான் அத்தனை அறிவியல் நோக்கும் இருந்தது. ஒரு மனிதரை நம் சட்டைக்கு ஏற்றபடி வெட்டித் தைக்க முற்படுவது வரலாறு ஆகாது.

மீண்டும் திருவனந்தபுரம். தாம் படித்த கல்லூரியிலேயே தத்துவ ஆசிரியர் ஆனார். 1880-ல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பேராசிரியர் ஹார்வி என்ற வெள்ளையர் அவருக்கு ஆசிரியர், பின் மேலாளர், பின் நண்பர். 1882 முதல் 1885 வரை மூன்றாண்டுகள் கல்லூரியை விட்டு அரசின் வருவாய்த் துறைக்குப் போனார். பிறவகைச் சிரஸ்தார் என்பது பதவியின் பெயர். வரி என்றால் என்ன, அது யாருடைய வயிற்றிலிருந்து வருகிறது, நடுவிலே யார் யார் கையை நனைக்கிறார்கள் என்பதைக் கண்ணாரக் கண்ட காலம் அது என்று கொள்ளலாம். 1885-ல் மறுபடியும் தத்துவப் பேராசிரியர் நாற்காலி. இறக்கும்வரை அந்த நாற்காலியை விடவில்லை.

இங்கேதான், தோழர்களே, நமது நாஞ்சில் நாடு கதைக்குள் வருகிறது.

திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய வரலாறு அந்நாளில் புராணமும் கட்டுக்கதையும் கலந்த கதம்பமாக இருந்தது. பரசுராமர் மழுவை எறிந்தார், கடல் விலகியது, நாடு பிறந்தது என்பதைச் சரித்திரமென்றே சொல்லிக் கொடுத்தார்கள். சுந்தரனார் கேட்டார், சான்று எங்கே என்று. ஏட்டிலே இல்லை. அரண்மனையிலே இல்லை. கல்லிலே இருந்தது. நாஞ்சில் நாட்டுக் கோவில் சுவர்களிலும், வயல் வரப்புகளை அடுத்த மண்டபங்களிலும், கோட்டாற்றுச் சோழபுரத்திலும், கல்குளம் பக்கத்துச் சிற்றூர்களிலும், சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியும் கிடந்த எழுத்துகள். பல கல்வெட்டுகள் வட்டெழுத்தில் இருந்தன. படிக்கத் தெரிந்தவர் அருகிவிட்ட காலம். கல்லூரிப் பணிக்கிடையே அவற்றைப் படியெடுத்தும், படியெடுப்பித்தும், ஆண்டுகளைக் கணக்கிட்டும், 12, 13-ம் நூற்றாண்டு வேணாட்டு மன்னர்களை ஒருவர் பின் ஒருவராக வரிசைப்படுத்தினார். 1894-ல் அது ஆங்கில நூலாக வெளிவந்தது.

அந்தக் கற்களிலே எழுதியிருந்த மொழி எது? தமிழ்! வேணாட்டு அரசன் தன் குடிகளிடம் பேசிய மொழி தமிழ். இதனை மேடை ஏறி முழங்கவில்லை சுந்தரனார். படியெடுத்த தாளை மேசைமேல் வைத்தார். மறுப்பதற்கு எவருக்கும் இடமின்றிப் போயிற்று.

அவர் வெளியிட்ட கற்களில் ஒன்றைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கல்குளம் வட்டத்திலே மணலிக்கரை என்ற ஊர். தக்கலைப் பக்கத்துத் தோழர்களுக்கு நன்கு தெரிந்த ஊர்தான். கொல்லம் ஆண்டு 410, அதாவது கிறித்துவ ஆண்டு 1235. வீர ரவி கேரளவர்மன் என்ற வேணாட்டு அரசன் காலத்தது. கோதைநல்லூர்ச் சபையாரும், ஊராரும், அரசனின் அதிகாரிகளும் ஒன்றாகக் கூடியிருந்து பேசி முடித்த ஏற்பாடு அந்தக் கல்லிலே இருக்கிறது. எதைப் பற்றிய ஏற்பாடு? நிலவரியைப் பற்றி.

இன்ன அளவு வரி என்று வரையறை செய்திருக்கிறது. அதற்கு மேல் அதிகாரி கேட்கக் கூடாது. மழை பொய்த்து வயல் காய்ந்து போனால் என்ன செய்வது? ஊரார் போய்ப் பார்க்க வேண்டும். விளைவு இல்லை என்று கண்டால், அந்த ஆண்டு வரியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே வாங்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு! அரசன் கருணை கொண்டு எறிந்த சலுகை அன்று. குடிகளும் அதிகாரிகளும் கலந்து பேசி, கல்லிலே வெட்டி நட்ட விதி. இங்கிலாந்திலே மன்னன் ஜானை மடக்கிப் பிரபுக்கள் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தை வாங்கியது 1215-ல். இருபதே ஆண்டு கழித்து, நம் கல்குளத்துச் சிற்றூரிலே உழவர்களுக்கு இப்படியொரு சாசனம். முன்னதை உலகமெல்லாம் படிக்கிறது. பின்னதைத் தக்கலைப் பேருந்து நிலையத்திலே நிற்பவர் அறிந்தாரில்லை. சுந்தரனார் அறிந்தார். இந்நாட்டின் பெருமைமிக்க உரிமைச் சாசனங்களிலே ஒன்றென்று அதனைப் போற்றி எழுதினார். வருவாய்த் துறையிலே மூன்றாண்டு இருந்தவர் அல்லவா? வரிக் கணக்கைப் பார்த்த கண், அந்தக் கல்லிலே வெறும் அரசன் பெயரைத் தேடி நின்றுவிடவில்லை, குடியானவனைத் தேடிற்று.

அதே கண்தான் தமிழ் இலக்கியத்தின் காலத்தையும் அளந்தது. தமிழ் இலக்கியமெல்லாம் நேற்று முளைத்தது, திருஞானசம்பந்தர் 13-ம் நூற்றாண்டினர் என்று எழுதிவந்தார்கள். கால்டுவெல் பெருமகனாரின் கணக்கும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. கால்டுவெல்லுக்கு நாம் கடன்பட்டவர்கள். அதற்காக அவர் போட்ட கணக்கைத் திருத்தலாகாது என்று விதியா? கல்வெட்டுச் சான்றுகளை அடுக்கிக் காட்டி, சம்பந்தர் 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிற்பட்டவர் அல்லர் என்று நிறுவினார் சுந்தரனார். 1895-ல் நூலாயிற்று. ஆறு நூற்றாண்டு! ஒரு பேராசிரியர், கூச்சலின்றி, கொடி பிடிக்காமல், ஆறு நூற்றாண்டை மீட்டுத் தமிழன் கையிலே கொடுத்தார்.

1892-ம் ஆண்டு இறுதியில் விவேகானந்தர் திருவனந்தபுரம் வந்தார். சுந்தரராம ஐயர் வீட்டிலே தங்கினார். அப்போது சுந்தரனார் அவரைச் சந்தித்திருக்கிறார். உரையாடலிலே, தாம் ஒரு திராவிடர் என்று சொல்லிக்கொண்டார் சுந்தரனார். ஐயரே தம் நினைவுக் குறிப்பிலே எழுதி வைத்த செய்தி இது. நீதிக் கட்சி பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பு! அங்கிருந்து விவேகானந்தர் குமரிக்குப் போனார். அவர் அமர்ந்த பாறையிலே 1970-ல் மண்டபம் எழுந்தது. பக்கத்துப் பாறையிலே 2000-ம் ஆண்டுப் பிறப்பன்று 133 அடி உயர வள்ளுவர் சிலை எழுந்தது. படகிலே போய்ப் பார்த்து வருகிறோம். நாஞ்சில் நாட்டுக் கற்களை எல்லாம் படித்தவருக்குப் பாறையும் இல்லை, படகும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, அவருக்குப் பல்கலைக் கழகம் கிடைத்திருக்கிறது. அதைச் சிலையைப் போலவாவது பேணுகிறோமா என்பதுதான் கேள்வி.

நாடகத்திற்கு வருவோம். 1891-ல் மனோன்மணீயம் வெளியாயிற்று. லிட்டன் பிரபு ஆங்கிலத்திலே எழுதிய ஒரு கதைப் பாட்டிலிருந்து கருவை எடுத்து, பாண்டிய நாட்டிலே நட்டு, தமிழ் மரமாக வளர்த்தார். நூலைத் தம் ஆசான் ஹார்விக்கே உரிமையாக்கினார். முகப்பிலே தமிழைத் தெய்வமாக வைத்துப் பாடிய வாழ்த்துத்தான் 1970-ல் கலைஞர் ஆட்சியிலே அரசு விழாக்களுக்குரிய பாடலாயிற்று, எம்.எஸ்.விசுவநாதன் இசையமைத்தார், 2021 டிசம்பரில் மாநிலப் பாடலென்றே அறிவிக்கப்பட்டது. இதெல்லாம் தோழர்கள் அறிந்தது.

அறியாதது ஒன்று சொல்கிறேன். அந்த நாடகத்திலே போர் எதனால் மூளுகிறது தெரியுமா? நம் நாஞ்சில் நாட்டால்! சீவகன் என்ற பாண்டியன், குடிலன் என்ற வஞ்சக அமைச்சன் சொல் கேட்டு, மதுரையை விட்டுத் திருநெல்வேலியிலே கோட்டை கட்டி அமருகிறான். சேரன் புருடோத்தமன் ஆளுகையிலே இருக்கிறது நன்செய் நாடு. நாஞ்சிலை அப்படித்தான் குறிக்கிறார் சுந்தரனார். அங்கே வழங்கும் மொழியும் நடையுடையும் பாண்டியருடையனவே, ஆகவே அது நமக்கே உரியது என்று வாதம் கிளம்புகிறது. தூது போகிறது, போர் மூளுகிறது. கோட்டையிலிருந்து சுரங்கம், இரவிலே சூழ்ச்சி, முடிவிலே பாண்டியன் மகள் மனோன்மணி சேரனுக்கே மாலையிடுகிறாள்.

சுவையான சிக்கல் என்னவென்றால், நாஞ்சில் நாடு தமிழருடையது என்ற அந்த உண்மையைப் பேசுகிறவன் கயவன் குடிலன்! நல்ல வழக்கு, கெட்ட வக்கீல். எழுதியவரோ திருவிதாங்கூர் அரசின் சம்பளம் வாங்குபவர். கயவன் வாயிலே வைத்தால் கேள்வி கேட்பாரில்லை என்று எண்ணியிருப்பாரோ? புலவர்களுக்கு இப்படியும் வழி உண்டு. உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. சுந்தரனார் இருந்தால் சான்று எங்கே என்று கேட்டு என்னை உட்கார வைத்துவிடுவார்.

அறிவுத் துறைகளை எப்படி வகுப்பது என்று நூற்றொகை விளக்கம் எழுதினார். உயிரினங்களைப் பற்றியும், மரங்களையும் மலர்களையும் பற்றியும் தமிழிலே எழுதினார். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியாது என்று இன்றும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாதம் சுந்தரனாருக்கு முன்பே பழையதாகிவிட்டது. 1896-ல் ராவ் பகதூர் பட்டம் வந்தது. 1897 ஏப்ரல் 26-ல் மறைந்தார். வயது 42.

42 வயது! அதற்குள்ளே நாடகம், கல்வெட்டு, காலக் கணக்கு, தத்துவம், வருவாய்த் துறை, ஒரு பள்ளியைக் கல்லூரியாக்கிய பணி.

அவருக்குப் பின் அந்தக் கல்வெட்டுப் பணியைக் கோபிநாதராவ் 1908-ல் இருந்து அரசுத் துறையாகவே நடத்தினார். நம் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் பாட்டெழுதிய நேரம் போகக் கல்லெழுத்துகளை ஆராய்ந்தார்.

மகன் நடராச பிள்ளையைப் பற்றி ஒரு சொல். தந்தை இறந்தபோது ஆறு வயது. திருவிதாங்கூர் விடுதலைப் போராட்டத்திலே ஈடுபட்டார், சர் சி.பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்திலே, தந்தை விட்டுச் சென்ற ஹார்விபுரம் மாளிகையும் நிலமும் பறிபோயின. பேரூர்க்கடையிலே இன்று அவர் பெயரால் அரசுப் பள்ளி இருக்கிறது. நாணயமான மனிதர், எளிய வாழ்வினர். 1954-ல் திரு-கொச்சி நிதியமைச்சராக இருந்து நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தவர். ஆனால் அதே அமைச்சரவையின் போலீஸ்தான் 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ் மக்களைச் சுட்டது. நாஞ்சில் நாட்டை நாடகத்திலே பாடியவரின் மகன், நாஞ்சில் தமிழர் மீது குண்டு பாய்ந்த அரசிலே அமைச்சர். அந்தக் குருதிக்குப் பிறகுதான், 1956 நவம்பர் 1-ல், அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு வட்டங்களும் தாயகத்தோடு சேர்ந்தன.

சேர்ந்தோம். கல்வி என்னாயிற்று? அதுவரை திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகம், அறுபது எழுபது கிலோ மீட்டரில். பிறகு சென்னை, எழுநூறு கிலோ மீட்டர். 1966-ல் மதுரையிலே பல்கலைக் கழகம் வந்தது. அதுவும் இருநூற்று நாற்பது. மதிப்பெண் பட்டியலிலே பெயர் ஓரெழுத்துத் தவறாக விழுந்தால், தூத்தூர் மீனவர் வீட்டுப் பிள்ளை இரவுப் பேருந்து பிடித்துப் போய்த் திருத்தி வர வேண்டும். ஒரு நாள் கூலி, போகவரக் கட்டணம், சாப்பாடு! 1990-ல் கலைஞர் ஆட்சியில் சட்டம் இயற்றி, நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களுக்கென அபிஷேகப்பட்டியிலே சுந்தரனார் பெயரால் பல்கலைக் கழகம் எழுந்தபோதுதான் அந்தத் தொல்லை எண்பது கிலோ மீட்டராகக் குறைந்தது.

ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள். ஆனால் அந்த நிறுவனம் எதை உண்டு உயிர் வாழ்கிறது? மாநிலப் பல்கலைக் கழகங்களின் கணக்கைக் கூர்ந்து பாருங்கள். அரசு தரும் தொகுப்பு மானியம் ஒன்று. கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம் ஒன்று. தொலைதூரக் கல்வி ஒன்று. தேர்வுக் கட்டணம் ஒன்று. மானியம் செலவோடு ஓடிப் பிடிக்க முடியாமல் பின்தங்குகிறது. தொலைதூரக் கல்விக்கு 2013-ல் பல்கலைக் கழக மானியக் குழு எல்லை வகுத்துவிட்டது. பிறகு 2020-ல் தரமதிப்பீட்டிலே 4-க்கு 3.01 வேண்டும் என்று வேலியை உயர்த்தியது. ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியச் சுமையோ ஆண்டுதோறும் ஏறுகிறது. மிஞ்சுவது என்ன? தேர்வுக் கட்டணம்! வடசேரித் தறிக்காரர் மகளும், தோவாளைப் பூக்கட்டுகிறவர் மகனும், செங்கல் சூளைக்காரர் பிள்ளையும் கட்டுகிற பணம். ஏழை மாணவன் தோளிலே ஏறிப் பல்கலைக் கழகம் பயணம் போகிறது.

இது நெல்லையின் நோய் மட்டும் அன்று. 2024-ல் மதுரையிலே சம்பளமும் ஓய்வூதியமும் நேரத்திற்குக் கிடைக்கவில்லை என்று ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில், 1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கிற்று. சுந்தரனாருக்குப் பட்டம் தந்த பல்கலைக் கழகம் அது!

தமிழகத்திலே உயர் கல்விக்குப் போகும் இளைஞர் 2021-22 கணக்குப்படி நூற்றுக்கு 47. இந்தியா முழுவதற்கும் 28.4. பெருமைதான். ஆனால் அதிகம் பேரைச் சேர்த்த குற்றத்திற்காகத் தண்டனை போல, மையத்தின் பணப்பை நம் பக்கம் திறப்பதில்லை. 1976-ல் 42-ம் திருத்தத்தால் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு எடுத்துப் போனார்கள். அதிகாரத்தை எடுத்தவர்கள் செலவையும் எடுத்தார்களா? 2023-ல் உயர் கல்விக்கென்று 12,926 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். புதிய கல்விக் கொள்கையை ஏற்பதாகக் கையெழுத்திட்டால் பணம் என்றார்கள். பள்ளிக் கல்வியில் 2024-25-க்குரிய 2,152 கோடியை அப்படித்தான் நிறுத்தி வைத்தார்கள். 1966-லேயே கோத்தாரி குழு, நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்கு வேண்டும் என்றது. ஆறு பத்தாண்டுகள் ஓடிவிட்டன. எண்ணும் தொட முடியாத எண்ணாகவே நிற்கிறது.

டெல்லியை ஏசிவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. சென்னையையும் கேட்க வேண்டும். ஆட்சி எவருடையதாயினும், நம்முடையதாகவே இருந்தாலும், கேட்க வேண்டும். நிரந்தர ஆசிரியர் ஓய்வு பெற்ற இடத்திலே கௌரவ விரிவுரையாளரை அமர்த்துவது எல்லாக் கட்சி ஆட்சியிலும் நடந்திருக்கிறது. மானியக் குழு 2019-ல் அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை என்று வரையறுத்தது. அந்தத் தொகையைக் கையிலே வாங்கிய ஒரு விரிவுரையாளரை நாகர்கோவிலிலே தேடிக்கொண்டிருக்கிறேன்; கண்டால் மாலை போட வேண்டும். கௌரவம் பெயரிலே இருக்கிறது!

அந்தப் பல்கலைக் கழகம் வளர்வதென்றால் நமக்கு என்ன வளர வேண்டும்? இராஜாக்கமங்கலத்திலே அதற்கு ஒரு கடல் அறிவியல் மையம் இருக்கிறது. குளச்சலும், முட்டமும், தேங்காய்ப்பட்டணமும், தூத்தூரும் கொண்ட கரை இது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலிலிருந்து திரும்பாதவர்களின் வீடுகள் இந்தக் கரையிலே வரிசையாக இருக்கின்றன. கடலையும் காற்றையும் மீன் வரத்தையும் ஆராய்ந்து கரையிலுள்ளவனுக்குச் சொல்லும் மையமாக அது வளர, கப்பலும் கருவியும் ஆளும் வேண்டும். அதற்குப் பெரும்பணம் வேண்டும்; தேர்வுக் கட்டணத்திலே கப்பல் வாங்க முடியாது. இன்னொன்று, கல்வெட்டு. குமரி மாவட்டத்துக் கோவில்களிலும் குளக்கரைகளிலும் உள்ள வட்டெழுத்தைப் படிக்கும் இளைஞரை உருவாக்க, சுந்தரனார் பெயரிலே ஓர் ஆய்விருக்கை நாகர்கோவிலிலேயே வேண்டும். புதுப்பிக்கிறோம் என்று கோவில் சுவரிலே மணலை வீசியடித்துச் சுத்தம் செய்கிறார்கள், எழுத்துகள் உதிர்கின்றன. உதிர்ந்த எழுத்தை எந்த மானியமும் மீட்டுத் தராது.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையிலே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டி மீட்டர் கொட்டிற்று. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. உப்பளம் போயிற்று, வாழை போயிற்று, மாடு போயிற்று. அப்படிப்பட்ட ஆண்டிலே தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்பதற்கு மணலிக்கரையிலே 1235-லேயே விடை இருக்கிறது. அவ்வப்போது அமைச்சர் அறிவிக்கும் சலுகை வேறு, கல்லிலே வெட்டிய விதி வேறு. பேரிடர் அறிவிக்கப்பட்ட வட்டத்து மாணவர்களிடம் அந்த ஆண்டு ஐந்தில் ஒரு பங்குக் கட்டணமே வாங்க வேண்டும். மீதி நான்கு பங்கை அரசு பல்கலைக் கழகத்திற்கு ஈடு செய்ய வேண்டும். பல்கலைக் கழக விதிகளிலேயே இது ஏற வேண்டும். ஓய்வூதியச் சுமையை அரசு தன் தோளுக்கு மாற்றிக்கொண்டால், இதற்கு இடம் பிறக்கும்.

கிளைக் கழகத் தோழர்கள் ஏப்ரலில் சுந்தரனார் பிறந்த நாளன்று கூடும்போது, பாட்டுப் பாடிக் கலையாமல், இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதித் தொகுதி உறுப்பினர் கையிலே கொடுங்கள். உயர் கல்வி மானியக் கோரிக்கை அவைக்கு வருமுன் அது சென்னை சேர வேண்டும். தீர்மானத்தின் தலைப்பிலே மணலிக்கரை என்றும், கொல்லம் 410 என்றும் எழுத மறவாதீர். சட்டமன்றத்திலே எவரேனும் முன்மாதிரி உண்டா என்று கேட்பர்.